ஊர் மேட்டை எப்படி அளப்பது? சவுடு மண் அள்ளுவதற்குள் ஒரு பதிவு வேண்டும்

கண்மாய்க்கரை | ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். வைகைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. புதையல் இருக்கிறது என்று நம்பி, இரண்டு முறை இரவில் யாரோ வந்து குழி தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவே ஒரு மேடு. பெரியவர்கள் நத்தமேடு என்பார்கள், நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். ஆனால் எங்கள் தாத்தாவின் தாத்தா காலத்திலும் அங்கே வீடு இருந்ததாக யாரும் சொன்னதில்லை. பாதி பனையும் கருவேலமும், மீதி மானாவாரி. சின்ன வயதில் அக்காமார் பாண்டி ஆட அங்கே போய்த்தான் வட்டச் சில்லு பொறுக்கி வருவார்கள். நல்ல வழவழப்பாக, ஒரே அளவில் கிடைக்கும்.

போன மாதம் மேட்டின் மேற்கு ஓரத்தில் பக்கத்துப் பட்டாக்காரர் சவுடு மண் எடுத்தார். ஜேசிபி வெட்டிய சுவரைப் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மண், நடுவே ஒரு சாண் கனத்தில் சாம்பல் பட்டை, அதற்கு மேலும் கீழும் ஓடு ஓடாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். கோயிலோ கல்வெட்டோ இருந்தால் வாருங்கள், ஓட்டுச் சில்லுக்கெல்லாம் மனு வாங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் நான்கு பேர். 30 மீட்டர் டேப் ஒன்று, கைபேசிகள், ஞாயிற்றுக்கிழமைகள், இவ்வளவுதான் கையில் இருப்பது. நாளை இந்த மேடு இல்லாமல் போனாலும் இங்கே என்ன இருந்தது என்று காட்டும்படி ஒரு பதிவு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

பானைமுகம் | ஞாயிறு, காலை 9.15

தம்பி, சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான் தொல்லியல் படித்துவிட்டுச் சில ஆண்டுகள் களத்தில் நடந்தவள். அளப்பதற்கு முன்னால், இது குடியிருப்பு மேடுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் மேடு பல காரணங்களால் வரும். கண்மாய் தூர்வாரிக் கொட்டிய மண் இருக்கும். பழைய செங்கல் சூளைக் கழிவு இருக்கும். ஆறு ஒதுக்கிப் போட்ட மணல் திட்டு இருக்கும். குயவர் சூளை போட்ட இடத்திலும் ஓடு மலைபோல் கிடக்கும், ஆனால் அங்கே ஊர் இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பார்க்க வேண்டியது மண்ணின் நிறம். சுற்று வயல் செம்மண்ணாகவோ கரிசலாகவோ இருக்க, மேடு மட்டும் சாம்பல் பூத்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தால், மனிதர் பல தலைமுறை அடுப்பெரித்து, குப்பை கொட்டி, மண்சுவர் கட்டி, அது இடிந்து, அதன்மேல் மறுபடி கட்டிய மண் என்று பொருள். நீங்கள் சொன்ன சாம்பல் பட்டை நல்ல அடையாளம். எலி வளை, கரையான் புற்று இவற்றின் வாயையும் பாருங்கள். அவை நமக்காக உள்மண்ணைத் தோண்டி வெளியே போட்டிருக்கும். நாம் தோண்டவே வேண்டாம்.

அப்புறம், கிடக்கிற ஓடு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

கண்மாய்க்கரை | ஞாயிறு, மாலை 6.20

அக்கா, இப்போதுதான் போய்விட்டு வந்தேன். ஒரே ஓட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதிகம் கிடப்பது இந்த மாதிரிதான். உள்ளங்கையில் பாதி அளவு. வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கம் மையிருட்டுக் கறுப்பு. கறுப்புப் பக்கம் தேய்த்து மெருகேற்றியதுபோல் பளபளக்கிறது, விரலை வைத்தால் வழுக்குகிறது. உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு நிறமும் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. வாய் விளிம்பு இருக்கும் துண்டில் கறுப்பு வெளியேயும் ஒரு விரல் கனத்துக்கு இறங்கி வந்து, பிறகு சிவப்பாகிறது. ஒன்றில் ஏணி மாதிரி மூன்று கோடு கீறியிருக்கிறது.

மேட்டு மண் சாம்பல்தான். வயல் மண் செம்மண்.

பானைமுகம் | ஞாயிறு, இரவு 8.05

கறுப்பு சிவப்புப் பாண்டம். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளேயும் வாய்ப்பக்கமும் காற்றுப் போகாமல் கறுத்துவிடும், காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும். நீங்கள் சொன்ன அந்த ஒரு விரல் கறுப்பு, வாய்ப்பக்கம் சாம்பலிலோ வைக்கோலிலோ புதைந்திருந்த அளவு. சுட்டவர் அடுக்கி வைத்த விதம் அந்த விளிம்பில் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பாண்டம் இரும்புக் காலம் தொடங்கிச் சங்க காலம் வரை பல நூற்றாண்டுகள் புழங்கியது. ஆகவே இதை வைத்து 2,600 ஆண்டு என்று யாரும் செய்தித்தாளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கீழடிக்குக் கி.மு. 580 என்று வந்த காலக்கணிப்பு, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் முறையாக எடுத்த கரித்துண்டுக்கு வந்தது. மேலே கிடக்கிற ஓட்டுக்கு அப்படி நாள் குறிக்க முடியாது.

வட்டச் சில்லு என்று தொடக்கத்தில் எழுதியிருந்தீர்களே, அதை அவசரப்பட்டு இயல்பாக உடைந்தது என்று நினைக்க வேண்டாம். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் சில்லாக்கி விளையாடியிருக்கிறார்கள். கீழடியிலும் வேறு பல இடங்களிலும் இப்படிப்பட்டவை ஏராளமாகக் கிடைத்தன. உங்கள் அக்காமார் பாண்டி ஆடியது அதே சில்லாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சங்கிலி66 | திங்கள், காலை 6.10

நான் நில அளவையில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். தொல்லியல் எனக்குத் தெரியாது, மேட்டை அளப்பது தெரியும். என் பெயரில் உள்ள 66, பழைய அளவுச் சங்கிலியின் அடி நீளம். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

தம்பி, முதலில் காகிதத்தில் தொடங்குங்கள். அந்த மேடு எந்தெந்தப் புல எண்களில் விழுகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். புலப்படத்தை வருவாய்த் துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஜி கோடு, எஃப் கோடு என்று இருக்கும். புலத்தின் எல்லை எஃப். குறுக்கே முக்கோணமாகப் பிரிக்கும் கோடு ஜி. நாங்கள் முக்கோணமாகத்தான் அளந்தோம். ஏ பதிவேடு என்கிற ஊர் நிலப் பதிவேட்டைப் பார்த்து, புறம்போக்கா பட்டாவா என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேடு கிடைத்தால் அதில் புலத்தின் பெயரையும் பாருங்கள். இன்று யார் வாயிலும் இல்லாத பெயர்கள் அதில் இருக்கும்.

அடுத்து, களத்தில் இரண்டு எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கருவேலம் மூடியிருக்கும், கடப்பாரையால் தட்டிப் பார்த்தால் சத்தத்தில் தெரியும். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு கயிறு கட்டினால் அதுதான் உங்கள் அடிக்கோடு. மேட்டின் ஓரம், வெட்டிய பள்ளம், பனை, கிணறு எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து அளந்து குறியுங்கள். 50 ஆண்டு கழித்து மேடே இல்லாவிட்டாலும், கல் இருந்தால் அந்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்கலாம். கல்லும் போனால் புலப்படம் இருக்கிறது.

உயரத்துக்கு டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டாம். கொத்தனார் கடைக்கால் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் 15 மீட்டர் வாங்குங்கள். தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு கம்பில் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கீழ்க் கம்பில் 142, மேல் கம்பில் 119 என்றால் ஏற்றம் 23 சென்டிமீட்டர். கீழே இருந்தவர் மேலே இருந்தவரைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும், இப்படியே உச்சி வரை. உச்சியோடு நிறுத்தாமல் வேறு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே அளந்துகொண்டு திரும்பி வாருங்கள். ஏறியதும் இறங்கியதும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

மேகலை_வரைபடம் | திங்கள், மதியம் 1.30

ஐயா சொன்னது அருமை. நான் செயற்கைக்கோள் படங்களில் வேலை செய்கிறேன். இவ்வளவு சிரமம் எதற்கு, வானிலிருந்து பார்த்தாலே போதாதா என்று நினைக்கலாம். இந்த மாதிரி மேட்டுக்குப் போதாது, ஏன் என்று சொல்கிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் பலரும் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர். உயரப் பிழையே சில மீட்டர் வரும். மேட்டில் பனையோ தென்னையோ இருந்தால் அது மரத்தையும் சேர்த்து அளந்திருக்கும். இரண்டு, மூன்று மீட்டர் மேடு அதில் கரைந்து போகும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்திலும் 10, 20 மீட்டர் இடைவெளியில்தான் சமஉயரக் கோடு வரும்; நம் மேடு இரண்டு கோட்டுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த வரைபடத்தை ஒதுக்க வேண்டாம். கண்மாய்க் கரை, மேடு போன்றவற்றின் பக்கத்தில் ஓர் எண்ணும் ஆங்கில ஆர் எழுத்தும் சிறியதாக இருக்கும். அது சுற்றுத் தரையிலிருந்து அத்தனை மீட்டர் உயரம் என்பதற்கான குறி. அங்கே நடந்துபோன அளவையாளர் போட்டது.

கைபேசி ஜிபிஎஸ் இடத்துக்குப் பரவாயில்லை, திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் வரும். உயரத்துக்கு அதை நம்பவே வேண்டாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே ஏறி இறங்கும்.

வான்படம் உதவுவது வேறொன்றுக்கு. பழைய ஆண்டுப் படங்களை வரிசையாகப் பாருங்கள். 2005-க்கும் இப்போதைக்கும் நடுவே மேட்டின் ஓரம் எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று தெரியும். மனுவோடு இணைக்க அதைவிட நல்ல சான்று இல்லை. கோடையில், பயிர் காய்ந்து வரும் வாரத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அடியில் செங்கல் சுவர் இருந்தால் அதன் மேலுள்ள பயிர் முதலில் வாடும்.

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 9.50

எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறீர்கள். நிலத்துக்காரன் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். என் தோப்பிலும் இப்படி ஒரு திடல் இருக்கிறது. கன்று வைக்கக் குழி எடுத்தபோது கூடை கூடையாக ஓடு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலி போட்டுப் பலகை நட்டுவிடுவார்கள், மகளுக்குக் கல்யாணம் என்று வந்தால் நிலத்தை விற்க முடியாது, மோட்டார் ரூம் கட்ட முடியாது என்று பயம். 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதாமே. கண்மாய்க்கரை தம்பி மனு கொடுத்தால் அந்தப் பட்டாக்காரர்களுக்கு என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும்.

பானைமுகம் | செவ்வாய், காலை 7.00

அண்ணே, இந்தப் பயத்தைச் சொல்லாமல் மறைக்கிறவர்கள்தான் அதிகம். வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

அந்த 100 மீட்டர் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடும் மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட இடம் என்று முறையாக அறிவித்த சின்னங்களுக்கு. 2010-இல் வந்த திருத்தம். ஓடு கிடைத்தது என்று ஒருவர் தகவல் கொடுத்த உடனே அது உங்கள் நிலத்தின் மேல் வந்து விழாது. அறிவிப்பதற்கு முன் அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்க வேண்டும்.

கீழடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச்சந்தைத் திடல் தனியார் தென்னந்தோப்பு. ஏறக்குறைய 110 ஏக்கர் பரப்பு. உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கித்தான் குழி போட்டார்கள், பல குழிகளை வேலை முடிந்ததும் மூடிக் கொடுத்தார்கள். அந்த மேடு இவ்வளவு தப்பியதற்குக் காரணமே தென்னைதான். தென்னைக்கு ஆழ உழவு கிடையாது, மண் எடுத்து விற்கும் தேவையும் கிடையாது. உங்களைப் போன்ற தோப்புக்காரர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் மனமாரத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கீழடி திடீரென்று கிடைத்ததல்ல. 2013–14-இல் இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில், வைகையின் இரண்டு கரையிலும் ஊர் ஊராக நடந்தது. 293 இடங்களைக் குறித்தார்கள். குழி போடத் தொடங்கியது 2015-இல். அந்த 293-இல் அகழாய்வு நடந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றுக்கு நம்மிடம் இருப்பது அந்த நடை எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. கண்மாய்க்கரை தம்பி செய்யப்போவதும் அந்த வகை வேலைதான். யாருடைய நிலத்தையும் பிடுங்குவதற்காக இல்லை.

கரும்பலகை | செவ்வாய், மாலை 5.25

நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். ஓட்டை அங்கேயே விட்டுவிடுங்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. விட்டால் அடுத்த உழவில் பொடியாகும், அல்லது டிப்பரில் ஏறிச் சாலைக்கு அடியில் போகும். எங்கள் பள்ளியில் ஒரு அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கீறல் உள்ள ஓட்டைக் கையில் வாங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் பத்து வரி படித்தாலும் அது வராது. அங்கேயே கிடந்து அழிவதைவிட அலமாரியில் இருப்பது மேல் இல்லையா?

பானைமுகம் | செவ்வாய், இரவு 8.40

ஐயா, அந்த அலமாரியை நான் குறை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சொல்லித்தான் நம் நாட்டில் பல இடங்கள் வெளியே தெரிந்தன. ஆனால் என்ன இழக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1930-களில் ஊர்ப் பிள்ளைகள் மேட்டில் கிடந்த மணிகளையும் பதக்கக் கற்களையும் பொறுக்கி விற்றார்கள். ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வாங்கிப் பார்த்து, ரோமானியத் தொடர்பு இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதனால் மேடு உலகத்துக்குத் தெரிந்தது. சரி. ஆனால் அந்தக் கற்கள் எந்த மூலையில், எந்த அடுக்கில் கிடந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஒவ்வொரு ஓட்டையும் எந்த அடுக்கு என்று எழுதி எடுத்தார். இத்தாலியில் எப்போது செய்தது என்று தெரிந்த அரெட்டைன் ஓடு எந்த அடுக்கில் இருந்ததோ, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டத்துக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு கடிகாரம் மாதிரி ஆனது. ஓட்டோடு அதன் இடமும் சேர்ந்து வந்ததால்தான் அது நடந்தது. அங்கேயே இன்னொன்றும் தெரிந்தது: சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, செங்கலைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போன பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தை வைத்துத்தான் சுவரை வரைந்தார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். உழவிலோ ஜேசிபியிலோ ஏற்கெனவே பெயர்ந்து, இடம் கெட்ட ஓட்டை அலமாரிக்கு எடுங்கள். எடுக்கும்போது பையில் புல எண், தேதி, எந்த மூலை என்று ஒரு சீட்டு போடுங்கள். மேட்டின் மேல் அசையாமல் கிடப்பதை எண்ணுங்கள், படம் எடுங்கள், தொடாதீர்கள். வெட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருப்பதை இழுக்கவே கூடாது. காசு, நகை போல ஏதாவது வந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே.

கரும்பலகை | செவ்வாய், இரவு 9.30

சீட்டு போடவில்லை. உண்மையில் பாதி ஓட்டுக்கு எந்தத் தெருப்பக்கம் என்றுகூட இப்போது சொல்ல முடியாது. கொண்டுவந்த பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். இந்த வாரம் மிச்சமிருக்கும் மாணவர்களை உட்காரவைத்து, நினைவிருக்கிற வரை எழுதி ஒட்டுகிறோம்.

பிட்டியடி | புதன், அதிகாலை 5.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் இப்படியான மேட்டைப் பிட்டி என்போம், திட்டி என்றும் சொல்வதுண்டு. உங்கட இழையை வாசிக்க ஆனைக்கோட்டைதான் ஞாபகம் வந்தது. 1980-இல் மண் அள்ளிய இடத்தில்தான் அங்கே பழைய ஈமக்காடு, அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடம், வெளிப்பட்டது. பேராசிரியர் இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் போய் அகழ்ந்தார்கள். எலும்புக்கூட்டோடு சேர்ந்து கிடைத்த சின்ன வெண்கல முத்திரையில் மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. கோவேத என்று வாசித்தார்கள்.

அந்த முத்திரை எவ்வளவு சின்னது என்று யோசியுங்கோ. ஒரு கடகம் மண்ணோடு, அதாவது ஒரு கூடை மண்ணோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அள்ளுகிற மண்ணைப் போய்ப் பார்க்க ஊரில் ஒருவர் இருக்க வேணும். தம்பி, லொறி வருகிற நாளில் யாராவது ஒருவர் அங்கே நில்லுங்கோ. சண்டை வேண்டாம், நின்று பார்த்து எழுதினாலே பெரிய காரியம்.

கண்மாய்க்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 8.15

இரண்டு நாள் வேலை முடிந்தது. சங்கிலி ஐயா, உங்கள் முறைதான்.

முதல் நாள் தப்பாகிவிட்டது. ஏறி இறங்கி வந்து கூட்டிப் பார்த்தால் 11 சென்டிமீட்டர் இடித்தது. எங்கே என்று தேடினோம். குழாயின் நடுவே, வளைந்து கிடந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு காற்றுக் குமிழி. மதிய வெயிலில் குழாயின் ஒரு பாதி நிழலிலும் மறுபாதி சூடேறியும் கிடந்தது வேறு. மறுநாள் விடிந்ததும் குழாயைத் தூக்கிப் பிடித்துக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, வெயில் ஏறும் முன் முடித்தோம். இந்த முறை வித்தியாசம் 2 சென்டிமீட்டர்தான்.

வடக்கு தெற்கு 212 மீட்டர். கிழக்கு மேற்கு 165 மீட்டர், வெட்டிப் போன ஓரத்தையும் சேர்த்து. வயல் மட்டத்திலிருந்து உச்சி 2.64 மீட்டர். ஏழு புல எண்களில் விழுகிறது. அதில் ஐந்து பட்டா, இரண்டு புறம்போக்கு. எல்லைக்கல் மூன்று கிடைத்தன. ஒன்றின் மேல் வேலிக்கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள், அதனாலேயே தப்பியிருக்கிறது.

இரண்டு கயிறு கட்டி, பத்து மீட்டருக்கு ஒருமுறை ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து, உள்ளே கிடந்த ஓட்டை எண்ணினோம். உச்சியில் எதிர்பார்த்த அளவு இல்லை, சட்டத்துக்கு 12, 15. கிழக்குச் சரிவில் ஓடைப்பக்கம் 40-க்கு மேல். மேற்கில் 20 சுமார். வயலுக்குள் இறங்கினால் 2, 3. அப்படியானால் ஊர் கிழக்குப் பக்கம்தான் இருந்ததா?

சங்கிலி66 | ஞாயிறு, இரவு 9.00

2 சென்டிமீட்டரா! துறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் இப்படி அளந்து கொடுத்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

உங்கள் அளவை நீள்வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டேன். 27,470 சதுர மீட்டர், சுமார் 6.8 ஏக்கர். கவிழ்த்த தட்டு வடிவம் என்று கொண்டால் மண்ணின் அளவு 36,000 கனமீட்டருக்குச் சற்று மேல். சவுடு வியாபாரக் கணக்கில், ஒரு யூனிட் 100 கன அடி என்றால், ஏறக்குறைய 12,800 யூனிட். ஏன் லாரி அந்தப் பக்கமே சுற்றுகிறது என்று இப்போது புரிகிறதா? இந்த எண்ணை மனுவில் எழுதுங்கள். அதிகாரிக்கு ஓட்டின் மதிப்பு தெரியாமல் போகலாம், யூனிட் என்றால் தெரியும்.

பானைமுகம் | ஞாயிறு, இரவு 9.45

அருமை தம்பி. கிழக்குச் சரிவு பற்றிக் கேட்டீர்கள். அவசரம் வேண்டாம். மழை மண்ணைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகும், கனமான ஓடு சரிவில் தங்கிவிடும். அதனால் சரிவில் எண்ணிக்கை கூடும், உச்சியில் குறையும். அடுத்த முறை விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கி உருண்டிருந்தால் உருண்டு வந்தது. நறுக்கென்று கூராக இருந்தால் அங்கேயே கிடந்தது, அல்லது அண்மையில் உழவில் வெளிவந்தது. இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் கிழக்குக் கேள்விக்கு விடை கிடைக்கலாம்.

2.64 மீட்டர் என்பது வயலுக்கு மேலே தெரிகிற உயரம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆற்றங்கரை ஊர்களில் வண்டல் படிந்து வயலும் உயர்ந்திருக்கும். மனிதர் வாழ்ந்த மண் வயல் மட்டத்துக்குக் கீழேயும் போகும். கீழடியில் மேடு இரண்டரை மீட்டர் சுமார். கரித்துண்டு கிடைத்த ஆழம் அதைவிட ஒரு மீட்டர் அதிகம். வயல் மட்டம் வரைதான் வெட்டுகிறோம் என்று யாராவது சமாதானம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. ஊர் மேடு இருந்தால் ஈமக்காடு கொஞ்சம் தள்ளி இருக்கும், கீழடிக்குக் கொந்தகை மாதிரி. மழைக்குப் பிறகு தரையில் வட்டமாகப் பானை வாய் தெரிகிற இடம், பெரியவர்கள் தாழிக்காடு, மதமதக்கத் தாழி என்று சொல்கிற இடம் ஏதாவது உண்டா?

கண்மாய்க்கரை | செவ்வாய், காலை 6.30

அம்மாவிடம் கேட்டேன், அக்கா. கேட்ட உடனே சொன்னார்கள். கண்மாயின் மறுகரையில் ஆடு மேய்க்கும் பொட்டலில் பெரிய பானை வாய் வட்டமாகத் தெரியுமாம். அம்மா சிறுமியாக இருந்தபோது அதில் மழைத்தண்ணீர் நிற்குமாம், ஆடு குடிக்குமாம். வயதானவர்களை உட்காரவைத்துப் புதைத்த பானை, அந்தப் பக்கம் இருட்டில் போகாதே என்று பாட்டி பயமுறுத்துவார்களாம். இத்தனை ஆண்டில் நான் அம்மாவிடம் இதைக் கேட்டதே இல்லை.

நேற்று மாலை அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். கண் கூசும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய்ந்ததும் நிழல் விழுந்து இரண்டு வட்டம் தெரிந்தது. ஒன்று முழுதாக, ஒன்று பாதி. முழு வட்டம் குறுக்கே 71 சென்டிமீட்டர், விளிம்பின் கனம் என் கட்டைவிரல் நீளத்துக்குப் பாதி. தொடவில்லை. மேட்டின் உச்சியிலிருந்து 540 மீட்டர், மேகலை அக்கா சொன்னபடி வரைபடத்தில் குறித்துவிட்டேன். ஊர்க்காரர்கள் பார்த்துத் தோண்டிவிடக்கூடாதே என்று மேலே மண் தூவிவிட்டு வந்தோம்.

தென்னந்தோப்பு | செவ்வாய், காலை 11.10

தம்பி, உங்கள் ஊர்ப் பட்டாக்காரர்களிடம் இந்த வரைபடத்தைக் காட்டினீர்களா? மனு கொடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். யாரோ சொல்லித் தெரியவந்தால் கோபம்தான் வரும். நான் என் தோப்பை அளக்கலாம் என்று நினைக்கிறேன். சங்கிலி ஐயா பக்கத்தில்தான் இருக்கிறார் என்றால் ஒரு நாள் வரமுடியுமா?

சங்கிலி66 | செவ்வாய், மதியம் 12.00

எந்த மாவட்டம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். குழாய் நான் கொண்டுவருகிறேன்.

கண்மாய்க்கரை | வெள்ளி, இரவு 7.50

தென்னந்தோப்பு அண்ணன் சொன்னபடியே செய்தோம். பட்டாக்காரர் ஐந்து பேரில் நான்கு பேர் வந்தார்கள். மண் எடுத்தவரும் வந்தார். வரைபடத்தைப் பார்த்து, என் நிலம் இதில் எங்கே என்று விரலை வைத்துத் தேடினார். மேட்டைத் தொடாமல் கிழக்கு வயல்பக்கம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வயலுக்கு அடியிலும் இருக்கும் என்று பானைமுகம் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். ஐந்தாமவர் வெளியூரில், போனில் பேச வேண்டும்.

புறம்போக்கு இரண்டு புலத்துக்கும் கிராம சபையில் தீர்மானம் வைக்க ஊராட்சித் தலைவர் ஒப்புக்கொண்டார். அந்தத் தீர்மானம், வரைபடம், ஓடு எண்ணிக்கைப் பட்டியல், பழைய வான்படம் எல்லாம் சேர்த்து மாநிலத் தொல்லியல் துறைக்கும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கும் கொடுக்கப் போகிறோம். மூன்று படி எடுத்து ஒன்றைப் பள்ளியில் வைக்கிறோம்.

மானாவாரி உழவு முதல் மழைக்குப் பிறகு தொடங்கும். உழவுக்கும் அடுத்த மழைக்கும் நடுவே ஒரு வாரம் கிடைக்கும், ஓடு கழுவிப் பளிச்சென்று தெரியும். அப்போது விளிம்பு மழுங்கியது, கூரானது என்று பிரித்து மறுபடி எண்ணுகிறோம். பானைமுகம் அக்கா, அந்த வாரம் வரமுடியுமா? அம்மா உங்களுக்கு அந்தப் பானை வட்டங்களைக் காட்ட வேண்டும் என்கிறார்கள்.